ஸ்க்ரப் டைஃபஸ் (புதர்ப் பூச்சி கடிச்சு வர்ற காய்ச்சல்) வந்தவங்க யாராவது இருக்கீங்களா? அம்மாவோட ஒன்பது நாள்

சர்ஜாபுர் ரோடு:

போன மார்கழியில நடந்தது. தூக்கம் வராத ராத்திரியெல்லாம் இதுதான் மனசுல ஓடுது. எழுதியாவது பார்க்கலாம்னு.

அம்மா திருப்பத்தூர் பக்கம் கிராமம். நாலு ஆடு, கொஞ்சம் கடலைக் கொல்லை. பேரனைப் பார்க்க வந்தாங்க, மூணாம் நாளே காய்ச்சல். பெங்களூர்ல காய்ச்சல்னா முதல்ல டெங்குதானே. என்.எஸ்.1 எடுத்தோம், நெகட்டிவ். மலேரியா நெகட்டிவ். வைடால்ங்கற ரத்த டெஸ்ட்ல லேசா ஏதோ தெரியுதுன்னு டைஃபாய்டுக்கு ஊசி போட ஆரம்பிச்சாங்க. ஆறாம் நாள் பிளேட்லெட் 62 ஆயிரம். எதிர் ஃப்ளாட் ஆன்ட்டி பப்பாளி இலைச் சாறு கொண்டு வந்து வெச்சாங்க. எட்டாம் நாள் மூச்சு வாங்குச்சு, கண்ணு மஞ்சளாச்சு, பேரனோட பேரையே மாத்தி மாத்திச் சொன்னாங்க.

ஒன்பதாம் நாள் ராத்திரி ஆயாம்மா உடம்பு துடைச்சு விட வந்தாங்க. பேச்சைக் கேட்டா ஆம்பூர் பக்கம். துணியை விலக்கித் துடைச்சுட்டே வந்தவங்க கை நின்னுடுச்சு. "ஏம்மா, இது எத்தினி நாளா கீது?" வலது இடுப்புல, பாவாடை நாடா கட்டற கோடு மேலயே. சிகரெட்டால சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு, சுத்தி செவப்பு வளையம். அமுக்கினா அம்மாவுக்கு வலிக்கல. "எங்க ஊரு பக்கம் டாக்டருங்க இதத்தான் மொதல்ல தேடுவாங்க"ன்னு சொல்லிட்டு டூட்டி டாக்டரைக் கூப்பிடப் போனாங்க. டூட்டி டாக்டர் சின்னப் பொண்ணு. போன் டார்ச் அடிச்சுப் பார்த்துச்சு, வெளியில போய் யார்கிட்டயோ பேசிச்சு, அரை மணி நேரத்துல டாக்சிசைக்ளின் ஏத்தினாங்க. டெஸ்ட் ரிசல்ட் வந்தது அதுக்கப்புறம்தான். ரெண்டாம் நாள் சாயந்திரம் காய்ச்சல் எறங்கிடுச்சு. மூணாம் நாள் காபி கேட்டாங்க, சக்கரை பத்தலைன்னு திட்டினாங்க.

உறுத்தறது அந்த ஒன்பது நாள் இல்ல. ஊர்ல இருந்து கெளம்பறதுக்கு முன்னாடி போன்ல சொன்னாங்க: "இடுப்புல என்னமோ கடிச்சிருக்குடி, அரிப்பும் இல்ல வலியும் இல்ல, கறுத்துக் கெடக்குது." நான் மீட்டிங்ல இருந்தேன். "நாடாவ அவ்ளோ இறுக்கிக் கட்டாதன்னு எத்தன தடவம்மா சொல்றது"ன்னு வெச்சுட்டேன்.

---

அல்சூர்ப் பையன்:

எனக்கும் இடம்தான் பிரச்னை ஆச்சு. தொடை இடுக்கு.

ஹெசரகட்டா புல்வெளியில பறவை படம் எடுக்கறவங்களுக்குத் தெரியும், வானம்பாடியை நல்லா எடுக்கணும்னா தரையோட தரையா படுக்கணும். படுத்தேன். பத்து நாள் கழிச்சுக் காய்ச்சல், மண்டையைப் பிளக்கற தலைவலி, கூடவே அந்தக் கறுப்புப் புண்ணு. டாக்டர்கிட்ட அப்பாவும் வந்தாரு (33 வயசு எனக்கு, இருந்தாலும் வந்தாரு). திரைக்குப் பின்னாடி பார்த்துட்டு வந்த டாக்டர், குரலைத் தாழ்த்தி, "சமீபத்துல வெளியில எங்கயாவது...?"ன்னு இழுத்தாரு. "ஆமா சார், புல்லுல படுத்தேன்." "யார்கூட?"

இப்ப சிரிப்பு வருது. அன்னிக்கு அப்பா சுவத்துல இருந்த மருந்துக் கம்பெனி காலண்டரையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தாரு. எழுதிக் கொடுத்த டெஸ்ட் என்னன்னு நீங்களே ஊகிச்சுக்கலாம். அதுவும் நெகட்டிவ்னு வந்ததும் அப்பா என்னைவிட அதிகமா மூச்சு விட்டாரு.

ரெண்டாவதா பார்த்த டாக்டரம்மா, வயசானவங்க, புண்ணைக் காட்டின பத்தாவது செகண்ட் பேரைச் சொல்லிட்டாங்க. ஏழு நாள் மாத்திரைக்கு நான் கொடுத்த காசு, முதல் ஆஸ்பத்திரி பார்க்கிங்குக்குக் கொடுத்ததைவிடக் கம்மி. அதுல இருந்து பையில ஒரு அட்டை டாக்சிசைக்ளின் எப்பவும் இருக்கு. காடு மேடு சுத்தறவங்க எல்லாரும் வெச்சுக்கோங்க.

---

பானசவாடி மாடித்தோட்டம்:

எங்க பக்கத்து வீட்டுக்காரருக்கு இந்த உண்ணிக் காய்ச்சல் வந்துச்சுங்க, ஒரு வாரம் படுத்திருந்தாரு, சரியாயிடுச்சு. அவங்க வீட்டுல ரெண்டு நாயிங்க. அதனால சொல்றேனுங்க, கொஞ்சம் பொறுமையாப் படிங்க.

முதல்ல நாயை வாரம் ஒரு தடவை வேப்ப எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டணும். காது மடிப்பு, விரல் இடுக்கு, வால் அடி, இங்கெல்லாம் சீப்பு போட்டுப் பார்க்கணும். உண்ணி கிடைச்சா நசுக்கக் கூடாதுங்க, கொதிக்கிற தண்ணியில போடணும். வீட்டுக்குள்ள கல் உப்பும் கற்பூரமும் கலந்து துடைக்கலாம். சாம்பிராணிக்கு நொச்சி இலை சேர்த்துக்குங்க. மாடியில செடி வைக்கிறவங்க தொட்டி அடியில இலை குப்பை சேர விடாதீங்க. சர்ஜாபுர் அம்மாவுக்கு: உங்க அம்மா ஆட்டை வித்துடச் சொல்லுங்க, இந்த வயசுல எதுக்குங்க? காய்ச்சல் வந்தா முதல் மூணு நாள் நிலவேம்புக் கஷாயம், காலையில வெறும் வயித்துல 60 மில்லி. கசப்புதான், ஆனா நாட்டு மருந்துக் கடையில வாங்கறப்ப பொடியா வாங்காம குச்சியா வாங்குங்க, கலப்படம் இருக்காது. பப்பாளி இலை தப்பில்லீங்க, ஆனா ஆண் மரத்து இலையா இருக்கணும்னு எங்க மாமியார் சொல்லுவாங்க. டாக்சி மாத்திரை வெறும் வயித்துல போட்டா நெஞ்சு எரியுங்க, அதையும் பார்த்துக்கோங்க.

---

ரிட்டயர்டு லேப்:

மேலே சொன்னதில் நெஞ்செரிச்சலைத் தவிர மற்றது எதுவும் ஸ்க்ரப் டைஃபஸுக்குப் பொருந்தாது. எல்லாம் இந்தப் பெயரால் வந்த வினை. உண்ணிக் காய்ச்சல் என்று பத்திரிகைகள் எழுத எழுத, மக்கள் நாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறார்கள். நாயின் காதில் கொழுத்துத் தொங்குகிறதே அந்த உண்ணி இல்லை இது. புதர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணிய பூச்சியின் குஞ்சுப் பருவம், ஆங்கிலத்தில் சிகர் என்பார்கள். கால் மில்லிமீட்டர்கூட இருக்காது, ஆறு கால், ஆரஞ்சு நிறம், கண்ணுக்குத் தெரியாது. குஞ்சாக இருக்கும்போது ஒரே ஒரு முறைதான் உடம்பில் ஏறித் தின்னும், வளர்ந்த பிறகு மனிதனைத் தொடாது. கிருமி தாய்ப்பூச்சியின் முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போய்விடுகிறது. ஆட்டை விற்றால் என்ன, விற்காவிட்டால் என்ன? எலி, பெருச்சாளி, புதர், ஈரம் இருக்கிற இடத்தில் அது இருக்கும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது.

சர்ஜாபுர் சகோதரி வைடால் பற்றிச் சொன்னதும் எனக்குப் பழைய கோபம் வந்துவிட்டது. 31 வருடம் சோதனைக்கூடத்தில் இருந்தவன். நம் ஊரில் டைஃபாய்டே இல்லாத பலருக்கும் வைடாலில் லேசாக ஏதோ காட்டும். அதைப் பிடித்துக்கொண்டு டைஃபாய்டு என்று முடிவு கட்டி, செஃப்ட்ரையாக்ஸோன் ஊசி ஏற்றுகிறார்கள். இந்தக் கிருமி மனித செல்லுக்குள் புகுந்து வாழ்வது, பென்சிலின் வகையறாவும் செஃப்ட்ரையாக்ஸோன் வகையறாவும் இதை ஒன்றும் செய்யாது. ஒரு விஷயம் யோசித்திருக்கிறேன். முன்காலத்தில் டைஃபாய்டுக்குக் குளோரம்பெனிகால் கொடுத்தார்கள். அது இதையும் கேட்கும், 1948இலேயே மலாயாவில் நிரூபித்துவிட்டார்கள். அதாவது தவறாக டைஃபாய்டு என்று எழுதினாலும் நோயாளி பிழைத்து வீட்டுக்குப் போனார், யாருக்கும் தெரியவில்லை. ஊசி மாறியது, நோய் வெளியே வந்தது. இது என் சொந்தக் கருத்து, சண்டைக்கு வராதீர்கள்.

என் அனுபவம் ஒன்றுதான். தொண்ணூறுகளில் ஒரு ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். இதற்கு அப்போது எங்களிடம் இருந்தது வைல்-ஃபெலிக்ஸ் ஒன்றுதான். 1916இல் கண்டுபிடித்த சோதனை: புரோட்டியஸ் என்கிற, இந்த நோய்க்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பாக்டீரியாவோடு நோயாளியின் ரத்தத் தெளிவு தற்செயலாகத் திரிகிறதா என்று பார்ப்பது. மூன்று புட்டி உண்டு. ஸ்க்ரப்புக்கு ஓ.எக்ஸ்.கே. என்கிற புட்டிதான் திரியும். எங்களிடம் ஓ.எக்ஸ்.19 மட்டும் இருந்தது. மற்றது வாங்க எழுதிப் போட்டு ஐந்து மாதம். மல்லேஸ்வரம் பக்கம் தோட்ட வேலை செய்த ஒருவர், தமிழர், எட்டாம் நாள். 19 திரியவில்லை, 'நெகட்டிவ்' என்று நான் என் கையால் எழுதினேன். 'கே புட்டி இல்லை, சோதிக்கப்படவில்லை' என்று எழுதியிருக்க வேண்டும். மீதி ரத்தத் தெளிவை ஏனோ கொட்டாமல் ஃப்ரீசரில் வைத்தேன். புட்டி வந்த அன்று முதலில் அதைத்தான் எடுத்தேன். குழாயின் அடியில் பாய் விரித்த மாதிரி படிந்திருந்தது, பாசிட்டிவ். கட்டில் எண் மட்டும் ஞாபகம் இருக்கிறது, 14. அதில் அதற்குள் எத்தனையோ பேர் படுத்து எழுந்தாயிற்று.

இன்று ஐ.ஜி.எம். எலிசா என்கிற ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது. அதற்கும் ஐந்தாறு நாள் கழிந்தால்தான் பிடிபடும்.

---

பானசவாடி மாடித்தோட்டம்:

நல்லதுக்குச் சொன்னா இப்படித்தானுங்க.

---

எலஹங்கா தாண்டி:

லேப் ஐயா, உங்க வயசுக்கு மரியாதை, ஆனா அந்தக்காவை ஒரேயடியா அடிச்சது சரியில்ல. என் பையனுக்கு வந்தது நாய் உண்ணியாலதான். அது ஸ்க்ரப் இல்ல, அதோட அண்ணன் தம்பி மாதிரி இன்னொண்ணு, ஸ்பாட்டட் ஃபீவர், இந்தியன் டிக் டைஃபஸ்னும் சொன்னாங்க. கிருமியும் அதே ரிக்கெட்சியா குடும்பம்தான், மருந்தும் அதேதான்.

அஞ்சு வயசு. தெரு நாய்க்குட்டியைத் தூக்கிட்டே திரிவான். நாலாம் நாள் காய்ச்சல்ல உடம்பெல்லாம் தடிப்பு. அம்மைன்னு மாமியார் வேப்பிலை கட்டிட்டாங்க, எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. குளிப்பாட்டாம வெச்சிருந்தோம். ஆறாம் நாள் தூங்கிட்டு இருந்தவன் கையைத் திருப்பினேன், உள்ளங்கை முழுக்கப் புள்ளி. காலைப் பார்த்தா பாதத்து அடியிலயும். அம்மைக்கு இப்படி வருமான்னு யோசிக்கறப்பவே காது நுனியைப் பார்த்தேன். மை தொட்டு வெச்ச மாதிரி கறுத்திருந்துச்சு. திருஷ்டிப் பொட்டு யாரு காதுல வெச்சாங்கன்னு துடைச்சேங்க. துடைச்சேன். போகல.

அந்த ராத்திரி குழந்தை டாக்டர் எழுதினதும் டாக்சிசைக்ளின்தான். வீட்டுக்காரர் மருந்துக் கடைக்குப் போனா கடைக்காரர், "எட்டு வயசுக்குக் கீழ இது கூடாது, பல்லு மஞ்சளாயிடும்"னு கொடுக்க மாட்டேன்னுட்டாரு. அவர் சொன்னதுல தப்பு இல்ல, காலம் காலமா அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்காங்க. டாக்டர் போன்ல கத்தினாங்க: "பல்லு இருக்கணும்னா முதல்ல புள்ள இருக்கணும்!" இந்த நோய்க்கு எந்த வயசா இருந்தாலும் முதல் மருந்து இதுதான்னு இந்தியக் குழந்தை மருத்துவ அகாடமியே 2017ல எழுதியிருக்காம், கொஞ்ச நாள் கொடுக்கறதால பல்லுல கறை வராதாம். இப்ப அவனுக்கு எட்டு வயசு. பல்லு வெள்ளையாத்தான் இருக்கு. காது நுனி மட்டும் கொஞ்சம் கம்மி. ஸ்கூல்ல எலி கடிச்சுதுன்னு கதை விட்டிருக்கான்.

---

ரிட்டயர்டு லேப்:

ஒத்துக்கொள்கிறேன். ஸ்பாட்டட் ஃபீவருக்கு நாய் உண்ணி காரணம்தான், பானசவாடி அம்மா மன்னிக்கவும். நான் சொன்னது ஸ்க்ரப்புக்கு. கர்நாடகாவில் இரண்டும் உண்டு. போதாததற்கு ஷிவமொக்காவில் 1957இல் கண்டுபிடித்த 'மங்கன காயிலே', குரங்குக் காய்ச்சல், அதுவும் உண்ணிதான் பரப்புகிறது. ஆனால் அது வைரஸ், இந்த மாத்திரைக்கு அடங்காது. எல்லாவற்றையும் 'உண்ணி' என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டினால் எப்படி?

ரிக்கெட்ஸ் என்ற விஞ்ஞானி இந்தக் கிருமிக் குடும்பத்தை ஆராய்ந்தவர், 1910இல் மெக்ஸிகோவில் டைஃபஸ் வந்தே இறந்தார். ப்ரோவாசெக், 1915இல், அதே மாதிரி. அவர்களைக் கொன்ற அந்த டைஃபஸ் கிருமிக்கு அவர்கள் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். சோதனைக்கூடத்துக்காரன் என்பதால் இது எனக்கு எப்போதும் மனதில் இருக்கும். தலைப்புக்குச் சம்பந்தமில்லை.

---

சைட்ல இருக்கேன்:

எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாளா பார்த்துட்டு இருந்தேன். எனக்கு நடந்ததுன்னு சொல்ல முடியாது.

ஒயிட்ஃபீல்டு தாண்டி ஒரு அபார்ட்மென்ட் கட்டுமானம், நான் சூப்பர்வைசர். பக்கத்துல ஒரு காலி சைட், அஞ்சாறு வருஷமா கோர்ட்டுல கேஸ். பெங்களூர்க்காரங்களுக்குத் தெரியும் காலி சைட்னா எப்படி இருக்கும்னு. ஆள் உயரத்துக்குப் பார்த்தீனியம், உண்ணிச்செடி (பேருலயே உண்ணி!), கட்டட இடிபாடு, சாப்பாட்டுப் பொட்டலம், பூனை சைஸ்ல பெருச்சாளி. தொழிலாளிங்க தகர ஷெட்டு அதை ஒட்டித்தான். காலைக்கடனுக்கும் அங்கதான் போவாங்க, கக்கூஸ் நாலு, ஆளு நூத்தி எண்பது. அந்தக் கணக்கு போட்டது நான் இல்ல, ஆனா கையெழுத்து நான்தான்.

கோரக்பூர் பக்கத்துப் பையன் ஒருத்தன், கம்பி கட்டறவன். மழை விட்ட பிறகு, ஐப்பசி இருக்கும், காய்ச்சல். டோலோ கொடுத்தேன். மூணு நாள் ஆச்சு, டோலோ கொடுத்தேன். அஞ்சாம் நாள் ஷெட்டுக்குப் போனா உட்கார்ந்த இடத்துல சட்டையைத் தூக்கி அக்குளைச் சொறிஞ்சு... இல்ல, சொறியல, தொட்டுத் தொட்டுப் பார்த்துட்டு இருந்தான். "க்யா ஹுவா?"ன்னேன். "குச் நஹி சாப், ஃபோடா ஹை." கொப்புளம்னு சொன்னான். கறுப்பா இருந்துச்சு. பார்த்தேன். நல்லாப் பார்த்தேன். அதுதான் இப்ப வரைக்கும் கண்ணுல நிக்குது.

ஊருக்குப் போறேன்னான். 500 ரூபா கொடுத்து யஷ்வந்த்பூர்ல ரயில் ஏத்தி விட்டேன். ஏறறப்ப சொன்னான், அவங்க ஊர்ல இந்த சீசன்ல குழந்தைங்களுக்கு மூளைக் காய்ச்சல் வரும், அவன் அண்ணன் பொண்ணு அப்படித்தான் போச்சுன்னு. கிட்டத்தட்ட ரெண்டு நாள் பிரயாணம்.

ரெண்டு வருஷம் கழிச்சு எங்கயோ படிச்சேன். கோரக்பூர்ல 2005ல மூளைக் காய்ச்சல்ல அந்தப் பக்கம் ஆயிரத்துக்கு மேல குழந்தைங்க செத்தாங்களாம். ஜப்பானிய மூளைக் காய்ச்சல்னு தடுப்பூசி போட்டாங்க, அது குறைஞ்சுது. ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் மழைக்கு அப்புறம் சாவு நிக்கல. பத்து வருஷம் கழிச்சு நல்லாத் தேடிப் பார்த்தா, வந்த குழந்தைங்கள்ல பாதிக்கு மேல ஸ்க்ரப் டைஃபஸ். அதைக் கண்டுபிடிச்சதுல நம்ம சென்னையில இருக்கற ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) ஆளுங்களும் இருந்தாங்களாம். அத்தனை வருஷம் பெரிய பெரிய ஆளுங்களுக்கே தெரியலன்னா எனக்கு எப்படித் தெரியும்னு நெனைச்சுக்கறேன். ஆனா நான் பார்த்தேனே.

---

அல்சூர்ப் பையன்:

அண்ணே, அவருக்கு போன் பண்ணிப் பார்த்தீங்களா?

---

சைட்ல இருக்கேன்:

இங்க வாங்கின சிம்மு. இந்த நம்பர் உபயோகத்துல இல்லன்னு கன்னடத்துல ஒரு தடவை சொல்லுது, இங்கிலீஷ்ல ஒரு தடவை சொல்லுது. கான்ட்ராக்டர்கிட்ட கேட்டேன், "எந்தப் பையன்?"னாரு.

---

சின்ன கிளினிக்:

நான் டாக்டர், கிழக்கு பெங்களூர்ல ஒரு சின்ன கிளினிக். மேல இருக்கறதெல்லாம் படிச்சேன், வாயை மூடிட்டுப் போகலாம்னுதான் இருந்தேன். முடியல.

சர்ஜாபுர் மேடம், "ஒருத்தர்கூடப் பார்க்கல"ன்னு நீங்க சொல்லலைன்னாலும் அப்படித்தான் படிக்கும்போது கேட்குது. சரிதான். ஆனா என் கிளினிக்குக்கு வாங்க. ரூம் பத்துக்கு எட்டு. திரை ஒண்ணு, அதுவும் முழங்கால் வரைக்கும்தான் வரும். சாயந்திரம் அறுபது பேர், அதுல நாப்பது காய்ச்சல். வெளியில பெஞ்சுல மாமனார், கூட வீட்டுக்காரர். ஒரு அம்மாகிட்ட "நாடாவை அவுத்துட்டு இடுப்பைக் காட்டுங்க, மார்புக்கு அடியில காட்டுங்க"ன்னு ஆம்பள டாக்டர் நான் சொன்னா அவங்க அடுத்த தடவை வருவாங்களா? நர்ஸ் வெச்சுக்க வசதி இருந்த காலத்துல நர்ஸ் பார்ப்பாங்க. இப்ப மருந்து எடுத்துக் கொடுக்கற பையன் ஒருத்தன் மட்டும். ஆனா அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடி, இடுப்பு, காதுக்குப் பின்னாடி, இந்த அஞ்சு இடத்தைப் பார்க்கலன்னா பார்க்கவே இல்லன்னுதான் அர்த்தம். இது எனக்குப் புத்தகத்துல தெரிஞ்சதுதான்.

என் கதை சின்னது. அந்த மருந்து எடுத்துக் கொடுக்கற பையனுக்கே வந்துச்சு. தினமும் என் கூட உட்கார்ந்து டீ குடிக்கறவன். ஏழு நாள் வைரல் ஃபீவர்னு ஓட்டினேன். எட்டாம் நாள் முடி வெட்டிட்டு கிளினிக்ல வந்து நின்னான், காதுக்குப் பின்னாடி இருந்தது. நான் கண்டுபிடிக்கல, சலூன்காரர் கண்டுபிடிச்சாரு: "உங்க டாக்டர்கிட்ட இதைக் காட்டு"ன்னு அனுப்பியிருக்காரு.

அல்சூர்த் தம்பிக்கு: அந்த அட்டையைப் பையில இருந்து எடுங்க. டெங்குவா இருந்தா இந்த மாத்திரை ஒண்ணும் பண்ணாது, நீங்க மருந்து சாப்பிட்டாச்சுன்னு தைரியமா வீட்டுல இருப்பீங்க. கர்ப்பிணிகளுக்கு வேற மருந்து, அசித்ரோமைசின். தீவிரமாப் போனவங்களுக்கு ரெண்டையும் சேர்த்து ஊசியாக் கொடுக்கறது, ஒண்ணை மட்டும் கொடுக்கறதைவிட நல்லா வேலை செய்யுதுன்னு வேலூர் சி.எம்.சி. தலைமையில 794 பேர்கிட்ட செஞ்ச ஆராய்ச்சி 2023ல வந்துச்சு, உலகமே படிச்சுது. இதெல்லாம் பையில இருக்கற அட்டைக்குத் தெரியாது. அஞ்சு நாளுக்கு மேல காரணம் தெரியாத காய்ச்சல்னா இதைச் சந்தேகப்படணும், பொருக்கு இருந்தா அஞ்சு நாளும் காத்திருக்க வேணாம், ரிசல்ட்டுக்காக மருந்தைத் தள்ளிப்போட வேணாம்னு ஐ.சி.எம்.ஆர். 2015லயே சொல்லியாச்சு. அதை முடிவு பண்ண ஒரு டாக்டர் வேணும். அவர் கொஞ்சம் நேரம் உள்ளவரா இருக்கணும், அது வேற விஷயம்.

பொருக்கு இல்லைன்னா நோய் இல்லைன்னும் நெனைச்சுடாதீங்க. நெறைய பேருக்குப் பொருக்கே வராது.

---

அல்சூர்ப் பையன்:

டாக்டர், அட்டையை எடுத்துடறேன். ஆனா "யார்கூட?"ன்னு கேட்டவரும் டாக்டர்தானே சார்.

---

சின்ன கிளினிக்:

அந்தக் கேள்வியும் கேட்க வேண்டிய கேள்விதான் தம்பி. அப்பாவை வெளியில அனுப்பிட்டுக் கேட்டிருக்கணும்.

---

சர்ஜாபுர் ரோடு:

இவ்ளோ பேர் எழுதுவீங்கன்னு நெனைக்கல. சைட் அண்ணா, உங்க பதிவை மூணு தடவை படிச்சேன். என்ன சொல்றதுன்னு தெரியல.

அந்த ஆயாம்மாவைப் பார்க்கணும்னு டிஸ்சார்ஜ் ஆன மாசமே ஒரு புடவை எடுத்துட்டுப் போனேன். கான்ட்ராக்ட் மாறிடுச்சு, அவங்க இப்ப இல்லன்னாங்க. எந்த ஏஜென்சின்னு கேட்டேன், அதுவும் தெரியல. பேரே கேட்டுக்காம விட்டுட்டேன். புடவை பீரோவுல இருக்கு.

அம்மா தை பொறந்ததுமே ஊருக்குப் போயிட்டாங்க. ஆட்டை விக்கற பேச்சே எடுக்க முடியாது, பானசவாடி அக்கா மன்னிக்கணும். காய்ச்சலப்ப காது மந்தமாச்சு, முக்கால்வாசி சரியாயிடுச்சு. போன்ல ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கு. அங்க நூறு நாள் வேலைக்கு ஏரிக்கரையில புல்லு செதுக்கப் போறாங்கல்ல, அங்க எல்லாப் பொம்பளைங்களுக்கும் கதையைச் சொல்லிட்டாங்க. இப்ப யாருக்குக் காய்ச்சல்னாலும் மறைவாக் கூட்டிட்டுப் போய் இடுப்பைப் பார்க்கறாங்களாம். ஒருத்தருக்கு இருந்துச்சாம், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினாங்களாம், மாத்திரை கொடுத்தாங்களாம். அம்மாவுக்கு ஒரே பெருமை. "அந்த மாத்திர பேர எழுதி அனுப்புடி"ன்னு கேட்கறாங்க. அனுப்பலாமா டாக்டர்?

---

சின்ன கிளினிக்:

மாத்திரை பேரை அனுப்பாதீங்க. நோய் பேரைத் தமிழ்ல பெருசா எழுதி அனுப்புங்க. "இதுவா இருக்குமான்னு பாருங்க"ன்னு நர்ஸ்கிட்ட காட்டச் சொல்லுங்க. உங்க அம்மா என் கிளினிக்குக்கு வேலைக்கு வருவாங்களா?

---

சர்ஜாபுர் ரோடு:

எழுதி அனுப்பிட்டேன். "ஸ்க்ரப்பு" வாயில நுழையலயாம். பொருக்கு கறுப்பா இருக்குதுல்ல, அதனால "கறுப்பு டைபஸ்ஸு"ன்னு வெச்சுட்டாங்க. ஊர்ல இப்ப எல்லாரும் கறுப்புக் காய்ச்சல்னுதான் சொல்றாங்களாம்.

---

ரிட்டயர்டு லேப்:

ஐயோ, வேண்டாம் அம்மா! கருங்காய்ச்சல் என்பது வேறு நோய். காலா அசார். மணல் ஈ கடித்து வருவது, பீகார் பக்கம். மருந்தும் வேறு. தயவுசெய்து இன்றைக்கே போன் செய்து மாற்றச் சொல்லுங்கள்.